ஜாப்லினில் குறிப்பைக் காணோமா? ஆப்பை அழிப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். குறிப்பு எழுதிவைக்கும் ஆப்பான எவர்நோட்டின் இலவசக் கணக்கு 2023 டிசம்பரில் 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்புக் என்று ஆனதிலிருந்து, அதில் எழுதிவந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து "இதுக்கு மாத்து ஏதாவது இருக்கா தம்பி" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் ஜாப்லின் என்ற குறிப்பு ஆப்பைப் போட்டுக் கொடுக்கிறேன். திறமூல மென்பொருள், விலை இல்லை, எழுதுவதெல்லாம் நம் கையிலேயே இருக்கும், எந்த நாளும் வெளியே எடுத்துக்கொள்ளலாம். ஆத்தங்குடிக் கல் பட்டறைக்காரர், கல்யாணச் சமையல் பிடிப்பவர், முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை நடத்துபவர், அப்புறம் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, இங்கே வளவு வீட்டின் மராமத்துக் கணக்கை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிற ஆச்சி ஒருவர் என்று பலரும் இப்போது அதில்தான் எழுதுகிறார்கள்.

போட்டுக் கொடுத்த பிறகு வருகிற புகார்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். அதனால் அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கை கடிக்கிற காரணம் கடைசியில்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை

ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போடாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. ஆண்ட்ராய்டு போனில் ஜாப்லினை நீக்கினால், மேலே, அதாவது டிராப்பாக்ஸ் மாதிரி இணையச் சேமிப்பிடத்துக்கு, ஏறாமல் போனிலேயே தங்கியிருந்த குறிப்புகளும் அதோடு போய்விடும். சமையல்கார அண்ணன் ஒருவருக்கு யாரோ "அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போடுங்க, சரியாயிரும்" என்று சொல்ல, வைகாசி முகூர்த்தத்துக்கு எழுதிவைத்த சாமான் லிஸ்ட் மொத்தமும் போனது. நெய் எத்தனை கிலோ, இலை எத்தனை கட்டு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் எந்த வீட்டில் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார் என்பது அதில் மட்டும்தான் இருந்தது. என்னிடம் வரும்போது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

சரியான குறிப்புகள் எந்தக் கருவியில் தெரிகின்றனவோ, அதில் உடனே ஒரு நகல் எடுங்கள். கம்ப்யூட்டரில் "ஃபைல்" மெனுவில் "எக்ஸ்போர்ட் ஆல்", அதில் "ஜெக்ஸ்", அது ஜாப்லினின் சொந்த நகல் வடிவம். போனில் "கான்ஃபிகரேஷன்" போய் "இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட்" பகுதியில் அதே ஜெக்ஸ். வருவது ஒரே கோப்பு, படங்களும் உள்ளே இருக்கும். அதைப் பென்டிரைவில் போட்டு எடுத்து வைத்துவிட்டு அப்புறம் எதை வேண்டுமானாலும் நோண்டுங்கள்.

## அறிகுறி: போனில் எழுதியது கம்ப்யூட்டருக்கு வரவில்லை

முதலில், சிங்க், அதாவது இரண்டு கருவியிலும் குறிப்புகளை ஒன்றாக்குகிற வேலை, நடந்ததா என்று பாருங்கள். போனில் ஜாப்லின் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிற ஆப் இல்லை. எழுதி முடித்ததும் பையில் போட்டுவிட்டால் அந்தக் குறிப்பு அங்கேயே கிடக்கும். இடப்பக்கப் பட்டியைத் திறந்து அடியில் இருக்கிற "சிங்க்ரனைஸ்" பொத்தானை அழுத்தி, சுற்றுவது நிற்கிற வரை ஆப்பை மூடாமல் வைத்திருங்கள். பிறகு கம்ப்யூட்டரிலும் அதே பொத்தான். போன் மேலே ஏற்ற வேண்டும், கம்ப்யூட்டர் அதைக் கீழே இறக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் அழுத்திவிட்டு வரவில்லை என்று சொல்பவர்கள் நிறைய.

### அழுத்தியாயிற்று, பிழைச் செய்தியும் இல்லை, ஆனாலும் வரவில்லை

அப்படியானால் இரண்டும் வெவ்வேறு இடத்தோடு பேசிக்கொண்டிருக்கின்றன. கம்ப்யூட்டரில் "டூல்ஸ்", "ஆப்ஷன்ஸ்", "சிங்க்ரனைசேஷன்" என்று போங்கள். போனில் "கான்ஃபிகரேஷன்" வழியாக அதே இடம். இரண்டிலும் ஒரே சேவை இருக்கிறதா, டிராப்பாக்ஸ் என்றால் ஒரே கணக்கா என்று பாருங்கள். பையன் தன் மெயில் ஐடியில் லேப்டாப்பில் நுழைந்திருப்பான், அப்பா போனில் அவர் ஐடி இருக்கும், இரண்டு பக்கமும் சிங்க் அழகாக முடிந்தது என்றுதான் காட்டும். சந்தேகமாக இருந்தால் பிரவுசரில் டிராப்பாக்ஸைத் திறந்து "ஆப்ஸ்" என்ற ஃபோல்டருக்குள் "ஜாப்லின்" ஃபோல்டரைப் பாருங்கள். இப்போது ஏற்றிய கோப்பின் நேரம் அங்கே தெரிய வேண்டும்.

போனில் இன்னொன்று: வைஃபை இருந்தால் மட்டும் சிங்க் செய் என்று ஒரு அமைப்பு உண்டு. அது போட்டிருந்தால் மொபைல் டேட்டாவில் எத்தனை முறை அழுத்தினாலும் ஏறாது. கானாடுகாத்தான் பக்கம் வேலைக்குப் போய்விட்டு வீட்டு வைஃபைக்குத் திரும்பி வருகிற வரை காத்திருக்கத் தயார் என்றால் அப்படியே விடலாம், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். வெறும் எழுத்துக்கு டேட்டா அதிகம் ஆகாது, படங்களுக்குத்தான் ஆகும்.

### பிழைச் செய்தி வருகிறது

செய்தி நீளமாக ஆங்கிலத்தில் இருக்கும். பயந்து மூடிவிடாமல் போட்டோ எடுத்து வையுங்கள். அதற்கு அப்புறம் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

தேதியும் நேரமும். இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், பழைய டெஸ்க்டாப்பில் பல தடவை இங்கேயே விடை கிடைத்திருக்கிறது. கம்ப்யூட்டரின் மதர்போர்டில் இருக்கிற சிறு வட்ட பேட்டரி, சிஆர் 2032, தீர்ந்துபோயிருக்கும். கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறினால் இணையத்தின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாததாகத் தெரியும், சிங்க் போட்டிருக்கிற பூட்டும் குழம்பும். ஜாப்லின் மட்டுமல்ல, பிரவுசரில் பாதித் தளங்களும் திறக்காது, அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். தேதியைத் தானாக எடுத்துக்கொள் என்று வைத்து, பேட்டரியை மாற்றுங்கள். ஒரு வேளை டிபன் செலவுதான். போனிலும் தேதியைக் கையால் மாற்றி வைத்திருந்தால் தானியங்கிக்குத் திருப்புங்கள்.

பூட்டு. "லாக்" என்ற சொல் செய்தியில் இருந்தால், இன்னொரு கருவி அந்த நேரத்தில் சிங்க் செய்துகொண்டிருக்கிறது அல்லது பாதியில் நின்றுவிட்டது என்று அர்த்தம். எல்லாவற்றிலும் ஜாப்லினை மூடி, சில நிமிடம் விட்டு, ஒன்றில் மட்டும் திறந்து பாருங்கள். பெரும்பாலும் தானே விடும். விடாவிட்டால் தேதிக்குத் திரும்பப் போங்கள்.

அனுமதி. டிராப்பாக்ஸில் "இணைந்துள்ள ஆப்கள்" பட்டியலில் ஜாப்லினை நீக்கியிருந்தால், திரும்ப ஒரு முறை அனுமதி கொடுக்க வேண்டும்.

இடம். டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கு 2 ஜிபி, ஒன்டிரைவ் 5 ஜிபி. பழைய சாமான் கடைக்காரர் ஒவ்வொரு மரத்தூணையும் நாலு பக்கம் படம் எடுத்துப் போட்டே நிரப்பிவிட்டார். போனில் பெரிய படத்தைச் சேர்க்கும்போது அதைச் சுருக்கவா என்று ஜாப்லின் கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள், 1920 பிக்சல் படத்தில் தூணின் வேலைப்பாடு நன்றாகவே தெரிகிறது.

பதிப்பு. ஒரு கருவியில் புதியது, இன்னொன்றில் மிகப் பழையது என்றால் புதுப்பிக்கச் சொல்லிச் செய்தி வரும். புதுப்பிப்பது வேறு, அழித்துத் திரும்பப் போடுவது வேறு. புதுப்பித்தால் குறிப்புகள் போகாது.

### எல்லாம் சரி, ஆனாலும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை

சிங்க் அமைப்புகளின் அடியில் "ஷோ அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்" என்று ஒரு பொத்தான். அதற்குள் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இந்தக் கருவியில் இருப்பதையெல்லாம் திரும்ப மேலே ஏற்றுவது, பெயரில் "ரீ-அப்லோட்" என்று இருக்கும். மற்றது, இந்தக் கருவியில் இருப்பதை அழித்துவிட்டு மேலே இருப்பதைத் திரும்ப இறக்குவது, பெயரிலேயே "டெலிட்" இருக்கும். இவை இரண்டையும் மாற்றி அழுத்தியவர்கள்தான் உண்மையில் குறிப்புகளை இழக்கிறார்கள். சரியானது எங்கே இருக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். சரியானது உங்கள் கையில் இருக்கிற கருவியில் என்றால் ஏற்றுங்கள். சரியானது மேலே என்றால், அதாவது டிராப்பாக்ஸில் முழுதாக இருந்து இந்தக் கருவியில் மட்டும் குறைந்தால், அழித்து இறக்குங்கள். இரண்டிலும் பாதிப்பாதி சரி என்றால் இரண்டையும் தொடாதீர்கள். இரண்டு கருவியிலும் ஜெக்ஸ் எடுத்து, கம்ப்யூட்டரில் தனியாக இறக்குமதி செய்து, கையால் ஒப்பிட்டுச் சேர்ப்பதுதான் வழி. அரை நாள் போகும், ஆனால் ஒன்றும் தொலையாது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது? நெக்ஸ்ட்கிளவுட் மாதிரி சொந்த சர்வர் யாராவது அமைத்துக் கொடுத்திருந்தால் அவரைத்தான் கேட்க வேண்டும். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், ஜாப்லின்காரர்களின் சொந்த இணையச் சேவையான ஜாப்லின் கிளவுட் என்றால் மேலே சொன்னதைத் தாண்டி யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

## அறிகுறி: "கான்ஃப்ளிக்ட்ஸ்" என்று ஒரு நோட்புக் தானாக வந்திருக்கிறது

ஒரே குறிப்பை சிங்க் ஆவதற்கு முன்னால் இரண்டு இடத்தில் திருத்திவிட்டீர்கள். மேலே இருந்த பதிப்பு குறிப்பில் அமர்ந்திருக்கும், இந்தக் கருவியில் நீங்கள் எழுதியது "கான்ஃப்ளிக்ட்ஸ்" உள்ளே ஒதுங்கியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்து, வேண்டியதை நகலெடுத்து ஒட்டிவிட்டு, ஒதுங்கியதை அழித்துவிடலாம்.

ஒன்று மட்டும் கவனம்: இந்த நோட்புக் சிங்க் ஆகாது. எந்தக் கருவியில் தெரிகிறதோ அதில் மட்டுமே இருக்கும். வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டறைக் கம்ப்யூட்டரை விட்டு வந்தால் வீட்டில் அது இருக்காது.

அடிக்கடி வருகிறது என்றால், ஒரே டிராப்பாக்ஸ் கணக்கை நாலு பேர் பகிர்ந்துகொள்கிறீர்களா என்று பாருங்கள். ஆச்சி வீட்டில் அதுதான் நடந்தது. சிங்கப்பூரில் இருந்து மூத்த பிள்ளை ஓடு மாற்றிய செலவைத் திருத்துவார், அதே நேரம் இங்கே ஆச்சி கொத்தனார் கூலியை எழுதுவார். ஆளுக்கொரு குறிப்பாகப் பிரித்தால் தீர்ந்துவிடும். ஒரே நோட்புக்கைப் பலர் முறையாகப் பகிர வேண்டுமென்றால் ஜாப்லின் கிளவுட் அல்லது ஜாப்லின் சர்வர் வேண்டும், டிராப்பாக்ஸில் அந்த வசதி கிடையாது.

## அறிகுறி: குறிப்புகளையே காணோம்

இதற்குத்தான் கைகால் நடுங்க ஓடி வருவார்கள். உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், வரிசையாகப் பார்ப்போம்.

### சில குறிப்புகள் மட்டும் இல்லை

தேடல் பெட்டியில் பழைய சொல் ஏதாவது கிடக்கிறதா? அதை அழித்தால் பட்டியல் திரும்பி வரும். அடுத்து "ஆல் நோட்ஸ்" அழுத்துங்கள், வேறு நோட்புக்கிற்குள் இழுபட்டுப் போயிருந்தால் இங்கே தெரியும்.

குறிப்பு "டு-டு", அதாவது செய்ய வேண்டிய வேலை, வகையா? முடிந்தது என்று டிக் போட்டதும் அது மறைந்துபோகும்படி அமைப்பு இருக்கலாம். "வியூ" மெனுவில் முடிந்த டு-டுக்களைக் காட்டு என்பதை இயக்குங்கள். கல்யாணச் சாமான் லிஸ்ட் தொலைந்தது என்று வருபவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி இது. பக்கத்தில் இருந்த கட்டத்தைத் தொட்டீர்களா என்று கேட்டால் தொட்டேன் என்பார்கள்.

அப்புறம் "ட்ராஷ்". 2024-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அழித்தவை குப்பைக்குப் போகின்றன, வழக்கமாக 90 நாள் அங்கே இருக்கும். பட்டியின் அடியில் பாருங்கள், வலது சொடுக்கிட்டு மீட்டுக்கொள்ளலாம்.

குறிப்பு இருக்கிறது, உள்ளே எழுதியதுதான் போய்விட்டது என்றால், குறிப்பின் "ப்ராப்பர்ட்டீஸ்" திறந்து முந்தைய பதிப்புகளைப் பாருங்கள். அதற்கும் 90 நாள்தான் வழக்கமான கெடு. மீட்டால் "ரீஸ்டோர்டு நோட்ஸ்" என்ற நோட்புக்கில் வந்து உட்காரும்.

### எல்லாமே இல்லை, ஒன்றும் இல்லை

எல்லாக் கருவியிலும் சிங்க்கை உடனே நிறுத்துங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். இன்னொரு கருவியில் குறிப்புகள் பத்திரமாக இருந்தால் வெறுமை அங்கேயும் பரவக்கூடாது. அங்கே ஜெக்ஸ் எடுங்கள்.

அடுத்து டிராப்பாக்ஸ் ஃபோல்டர். ஜாப்லின் தன் கோப்புகளுக்கு 32 எழுத்தில் புரியாத பெயர்தான் வைக்கும். இடம் போதவில்லை என்று சுத்தம் செய்கிற வீட்டுப் பிள்ளைகள் இதைக் குப்பை என்று நினைத்து மொத்தமாக அழித்துவிடுகிறார்கள். மூன்று வீட்டில் பார்த்துவிட்டேன். டிராப்பாக்ஸில் அழித்ததை 30 நாளுக்குள் அவர்கள் தளத்திலேயே திரும்ப எடுக்கலாம், தனிநபர் ஒன்டிரைவ் குப்பைக்கும் 30 நாள்.

மேலே எல்லாம் காலியாக இருந்தால் ஜாப்லினே "ஃபெயில்-சேஃப்" என்று சொல்லி சிங்க்கை நிறுத்தும். நல்ல காவல் அது. அதே செய்தி, இதை எடுத்துவிட வழியும் சொல்லும். எடுத்துவிடாதீர்கள். அந்தச் செய்தி வந்திருந்தால் உங்கள் கருவியில் குறிப்புகள் இன்னும் இருக்கின்றன, மேலே இருப்பதுதான் போய்விட்டது. ஜெக்ஸ் எடுத்துக்கொண்டு, "ரீ-அப்லோட்" வழியாகத் திரும்ப ஏற்றினால் போதும்.

கம்ப்யூட்டர் பதிப்போடு தானாக நகல் எடுக்கிற பேக்கப் துணைநிரல் ஒன்றும் சேர்ந்தே வருகிறது. உங்கள் பயனர் ஃபோல்டரில் "ஜாப்லின்பேக்கப்" என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள், நீங்கள் ஒன்றும் செய்யாமலே அங்கே ஒரு நகல் இருக்கலாம். சிங்க் என்பது பேக்கப் ஆகாது, ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும், இந்த ஃபோல்டர்தான் பேக்கப்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: எந்தக் கருவியிலும் இல்லை, மேலேயும் இல்லை, குப்பையிலும் இல்லை, பேக்கப்பும் இல்லை என்றால், அந்தக் கம்ப்யூட்டரில் வேறெதுவும் எழுதாமல் அணைத்துவிட்டு டேட்டா மீட்பு செய்பவரிடம் கொண்டுபோங்கள். தொடர்ந்து பயன்படுத்தப் பயன்படுத்த மீளும் வாய்ப்பு குறையும்.

## அறிகுறி: எழுதியது ஒன்று, காட்டுவது வேறு

கணக்கு எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். குறிப்பு தொலையவில்லை, ஆனால் எண் மாறித் தெரிகிறது. ஜாப்லின் மார்க்டவுன் என்ற எழுத்துமுறையில் வேலை செய்கிறது, சில குறிகளுக்கு அதில் வேறு வேலை உண்டு.

கல் பட்டறை அண்ணன் 10*8*25 என்று எழுதிவைத்திருந்தார், பத்தடி, எட்டடி, அடிக்கு விலை. பார்க்கும் பலகத்தில் அது 10825 என்று தெரிந்தது, நடுவில் இருக்கிற 8 மட்டும் சாய்ந்திருந்தது. இரண்டு நட்சத்திரக் குறிக்கு நடுவில் இருப்பதைச் சாய்த்துக் காட்டி, குறிகளை மறைத்துவிடும். பெருக்கல் குறிக்கு × போடுங்கள், அல்லது நட்சத்திரத்துக்கு இரண்டு பக்கமும் இடம் விடுங்கள்.

ஆச்சியின் மராமத்துக் குறிப்பில் ஒரு வரி "2014. முகப்பு ஓடு மாற்றியது", அடுத்த வரி "2019. இரண்டாங்கட்டு தளம்". காட்டும்போது இரண்டாவது வரி 2015 ஆகிவிட்டது. வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் வந்தால் அதை வரிசைப் பட்டியல் என்று எடுத்துக்கொண்டு, முதல் எண்ணிலிருந்து அதுவே ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளும். வருடத்துக்குப் பின் புள்ளிக்குப் பதிலாகக் கோடு போடுங்கள்.

மொத்தத்துக்கு அடியில் ----- என்று கோடு இழுப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். அப்படி இழுத்தால் மேலே இருக்கிற வரி கொட்டை எழுத்துத் தலைப்பாக மாறிவிடும். நடுவில் ஒரு வெற்று வரி விட்டுவிட்டுக் கோடு போட்டால் கோடாகவே இருக்கும்.

மூன்றிலும் நீங்கள் தட்டியது திருத்தும் பலகத்தில் அப்படியே இருக்கிறது. அதை நம்புங்கள். ஆனால் காட்டும் பலகத்தைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புகிறவர்கள் ஒரு முறை சரிபார்த்து அனுப்புங்கள், தப்பான தொகை போய் வீட்டுக்காரர்களுக்கு நடுவே மனஸ்தாபம் வரைக்கும் வந்திருக்கிறது. இதற்கு நிபுணர் யாரும் தேவையில்லை.

## அறிகுறி: குறிப்பு இருக்கிறது, தேடினால் வரவில்லை

தமிழில் எழுதுகிறவர்களுக்கு அதிகம் வருகிற தொல்லை. ஜாப்லின் முழுச் சொல்லாகத் தேடுகிறது. "வட்டி" என்று தேடினால் வட்டி என்று தனியாக எழுதிய இடம் வரும், "வட்டிக்கு" வராது, "வட்டியோடு" வராது. நம் சொற்கள் வேற்றுமை ஏறாமல் எங்கே நிற்கின்றன?

கடைசியில் நட்சத்திரம் போடுங்கள்: வட்டி* என்றால் அந்தத் தொடக்கம் உள்ள எல்லாம் வரும். உருமாறுகிற சொல்லை இன்னும் முன்னால் வெட்ட வேண்டும். வீடு, வீட்டில், வீட்டுக்கு எல்லாம் வேண்டுமென்றால் வீட* என்று தேடுங்கள். மரம், மரத்தூண், மரத்தில் எல்லாவற்றுக்கும் மர*. சொல்லின் நடுவில் இருப்பதைத் தேட வேண்டுமென்றால் தேடலின் தொடக்கத்தில் ஒரு சாய்கோடு / போடுங்கள், மெதுவாக இருக்கும், ஆனால் நடுவில் இருப்பதையும் பிடிக்கும்.

அப்படியும் வராவிட்டால் அந்தக் குறிப்பு யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிக்கும் புரிகிற பொது எழுத்துமுறையில், இல்லாமல் இருக்கலாம். அதுதான் அடுத்தது.

## அறிகுறி: தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக அல்லது ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது

கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை. லினக்ஸ் போட்ட லேப்டாப்களில் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவி, ஜாப்லினை முழுதாக மூடித் திறங்கள். விண்டோஸில் நிர்மலா யூஐ கூடவே வருகிறது, "அப்பியரன்ஸ்" பகுதியில் திருத்தும் பலகத்தின் எழுத்துருவாக அதைக் கொடுத்தால் எழுத்து நெருக்கியடிக்காமல் தெரியும்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து தெரிந்தால் அது பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. டிடிபி கடையில் அடித்து வாங்கிய பத்திரிகை, மொய் லிஸ்ட் இவற்றை வேர்டிலிருந்து ஒட்டும்போது இப்படித்தான் வரும். எழுத்துருவை மாற்றி ஜாப்லினில் சரிசெய்ய முடியாது, முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றில் கொடுத்து யூனிகோடாக்கி, அப்புறம் ஒட்டுங்கள். நூற்றுக்கணக்கான பக்கம் என்றால் டிடிபி கடையிலேயே கொடுத்து மாற்றி வாங்குவது மேல், அவர்களிடம் மூல எழுத்துரு எது என்ற தகவல் இருக்கும்.

## அறிகுறி: படம் வரவில்லை

"அட்டாச்மென்ட்" இறக்கும் முறை "மேனுவல்" என்று இருந்தால் படத்தின் இடத்தைத் தொட்டால்தான் இறங்கும். "ஆல்வேஸ்" ஆக்குங்கள். அதுவல்ல என்றால், திருத்தும் பலகத்தில் படத்தின் முகவரியைப் பாருங்கள். உங்கள் டி டிரைவின் பாதையோ இணைய முகவரியோ அங்கே இருந்தால் படம் ஜாப்லினுக்குள் வரவே இல்லை, வெளியே இருப்பதைச் சுட்டிக்கொண்டிருக்கிறது. படத்தை இழுத்துப் போட்டுத் திரும்பச் சேருங்கள்.

## அறிகுறி: குறிப்பெல்லாம் பூட்டியிருக்கிறது, சாவிப் படம் தெரிகிறது

மறையாக்கம், அதாவது குறிப்புகளைப் பாஸ்வேர்டால் பூட்டுவது, போட்டிருக்கிறீர்கள், இந்தக் கருவிக்கு மாஸ்டர் பாஸ்வேர்ட் கொடுக்கவில்லை. மேலே வருகிற மஞ்சள் பட்டையைத் தொட்டுக் கொடுத்தால் ஒவ்வொன்றாகத் திறக்கும், குறிப்பு அதிகம் இருந்தால் நேரமாகும்.

பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா? வேறு ஏதாவது கருவியில் குறிப்புகள் திறந்தபடி படிக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அங்கே ஜெக்ஸ் எடுங்கள், அது பூட்டில்லாத நகல், அதை வைத்துப் புதிதாகத் தொடங்கலாம். எந்தக் கருவியிலும் திறக்கவில்லை, பாஸ்வேர்டும் இல்லை என்றால் யாராலும் முடியாது. நிபுணராலும் முடியாது, ஜாப்லினை எழுதியவர்களாலும் முடியாது. திறந்து தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். மறையாக்கம் போடுவதாக இருந்தால் ஒரே ஒரு கருவியில் போட்டு, சிங்க் முழுதாக முடிந்த பிறகு மற்றவற்றைத் திறங்கள். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் வைக்கிற பெட்டகத்தில் வையுங்கள்.

## அறிகுறி: எவர்நோட்டிலிருந்து கொண்டுவந்தது அரைகுறையாக இருக்கிறது

எவர்நோட்டிலிருந்து குறிப்புகளை எனெக்ஸ் என்ற அதன் ஏற்றுமதிக் கோப்பாக எடுக்க எவர்நோட்டின் கம்ப்யூட்டர் பதிப்பு வேண்டும், போனில் முடியாது. ஒவ்வொரு நோட்புக்கையும் தனித்தனியாக எடுங்கள், கோப்பின் பெயர்தான் ஜாப்லினில் நோட்புக் பெயராகும். எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்தால் பிரிவுகள் போய் ஒரே குவியலாகிவிடும். அட்டவணைகள் சிதைந்தால், இறக்குமதியில் மார்க்டவுனுக்குப் பதிலாக எச்டிஎம்எல் தேர்வு செய்து இன்னொரு முறை பாருங்கள், தோற்றம் அப்படியே இருக்கும், திருத்துவதுதான் சற்றுக் கஷ்டம். குறிப்புக்குள் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய வரிகள் வராது, முதலில் எவர்நோட்டிலேயே பூட்டைத் திறந்துவிட்டு எடுங்கள். எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் பழைய கணக்கை மூடாதீர்கள்.

## அறிகுறி: ஜாப்லினே திறக்கவில்லை

மூடியதாக நினைப்பது கடிகாரம் பக்கத்தில் சின்னப் படமாக உட்கார்ந்திருக்கலாம். அங்கிருந்து "க்விட்" கொடுத்துத் திரும்பத் திறங்கள். சி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள், நிரம்பியிருந்தால் எதுவுமே ஒழுங்காகத் திறக்காது.

டேட்டாபேஸ் கெட்டுவிட்டது என்கிற மாதிரி செய்தி வந்தால், ஜாப்லினை மூடிவிட்டு, உங்கள் பயனர் ஃபோல்டரில் ".கான்ஃபிக்" உள்ளே "ஜாப்லின்-டெஸ்க்டாப்" என்ற ஃபோல்டரை முழுதாகப் பென்டிரைவுக்கு நகலெடுங்கள். குறிப்புகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. மேலே சிங்க் ஆன நகல் முழுதாக இருந்தால் அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, ஜாப்லினைத் திறந்து, சிங்க் அமைத்து இறக்கிக்கொள்ளலாம், செலவே இல்லை.

நகலெடுக்கும்போது பாதியில் நிற்கிறதா, ஹார்டு டிஸ்கில் டக் டக் என்று சத்தம் வருகிறதா, கம்ப்யூட்டர் டிஸ்கையே காணோம் என்கிறதா? கரண்டை நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள், இணையத்தில் கிடைக்கிற மீட்பு மென்பொருளை ஓடவிடாதீர்கள், என் மாதிரி சாதாரண சர்வீஸ் கடையிலும் கொடுக்காதீர்கள், டிஸ்கைத் திறந்து எடுக்கிற வசதி எங்களிடம் கிடையாது. அந்த வசதி உள்ள மீட்பு மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், பல ஆயிரம் ஆகும். அனுப்புவதற்கு முன்னால் போனில் ஜாப்லினைத் திறந்து, எந்தத் தேதி வரைக்கும் குறிப்புகள் இருக்கின்றன என்று பாருங்கள். கடைசி சில நாள் குறிப்பு மட்டும்தான் குறைகிறது என்றால், அதைக் கொத்தனாரிடமும் கடைச் சிட்டையிலும் கேட்டுத் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.